நின்றால் ஃபவுல்

அந்தப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியரை எல்லோரும் விசில் சார் என்றே கூப்பிட்டார்கள். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். ஒருநாள் அதை வீட்டில் மறந்துவிட்டு வந்தபோது வாட்ச்மேன் அவரைக் கேட்டிலேயே நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தாராம். இது விசில் சாரே சொன்னது. அதனால் பாதியைத் தள்ளிவிட்டு மீதியைத்தான் நம்ப வேண்டும். ஆசிரியர் அறையில் அவர் வாயைத் திறந்தால் மற்றவர்களுடைய டீ ஆறிப்போகும். நடந்ததில் கொஞ்சம், நடக்காததில் கொஞ்சம் எடுத்து அவர் கலக்குகிற கலக்கில் எது எதுவென்று பிரித்துப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

அவர் கால்பந்து வலையில் ஓட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில் தலைமையாசிரியை ஆளனுப்பினார்.

"இங்கிலீஷ் டீச்சருக்குக் குழந்தை பிறந்துடுச்சு சார்."

"சந்தோஷம் மேடம். ஆனா அடுத்த மாசம்னு சொன்னாங்களே."

"குழந்தைக்கு அந்தத் தேதிய யாரும் சொல்லல போலிருக்கு. விஷயம் அதில்ல. அவங்க இடத்துக்கு ஆள் வர ரெண்டரை மாசம் ஆகுமாம். மத்த எல்லாருக்கும் டைம்டேபிள் நிரம்பி வழியுது. உங்களுக்குத்தான் பீரியட் காலியா இருக்கு."

"காலியா இல்ல மேடம், காலி பண்ணிட்டாங்க" என்றார் விசில் சார். "செவ்வாய்க்கிழமை பீரியட கணக்கு சார் எடுத்துக்கிட்டாரு. வியாழக்கிழமை சயின்ஸ் டீச்சர். பாடம் முடியலயாம். என் பிள்ளைங்க பந்தைப் பார்த்து ஒரு மாசம் ஆச்சு."

தலைமையாசிரியைக்கு வேண்டாத பேச்சு காதில் விழாது. "ஒன்பதாம் வகுப்பு பி செக்‌ஷன நீங்க பாத்துக்குங்க. பத்து வாரத்துல வாய்மொழித் தேர்வு. வெளியிலருந்து ஒரு தேர்வாளர் வருவாங்க. ஒவ்வொரு பிள்ளையும் மூணு நிமிஷம் இங்கிலீஷ்ல பேசணும். போன தடவை முப்பத்திநாலு பேர்ல இருபத்தெட்டு பேர் வாயே திறக்கல."

"நான் எடுத்தா மீதி ஆறு பேரும் மூடிடுவாங்க மேடம். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் ரெடி, ஸ்டெடி, கோ. அதோட சரி."

"மூணு வார்த்தை இருக்குல்ல. ஆரம்பிங்க" என்று தலைமையாசிரியை அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார்.

விசில் சார் வகுப்பறைக்குள் நுழைந்தார். மைதானத்தில் முந்நூறு பேரை ஒரு ஊதலில் வரிசையில் நிறுத்துகிறவர், நான்கு சுவருக்குள் முப்பத்திநாலு பேருக்கு முன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். சுவரில் ஒரு வினைச்சொல் அட்டவணை தொங்கியது. அவர் அதைப் பார்க்காத மாதிரி பாடநூலைத் திறந்து நான்காம் பாடத்தை வாசிக்க ஆரம்பித்தார். தேவாலயத்தில் கூட்டாகப் பாடும் குழுவைப் பற்றிய பாடம் அது. முதல் வரியிலேயே அந்தக் குழுவுக்குரிய சொல் வந்து நின்றது. அவர் எழுத்துக் கூட்டி, "சோயிர்" என்றார்.

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, முன்வரிசை வரைக்கும் வந்து அடங்கியது. முதல் வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் உதடு 'க்வயர்' என்று அசைந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

அவளைப் பிள்ளைகள் ஃபுல்ஸ்டாப் என்று அழைத்தார்கள். அவள் வைக்கிற முற்றுப்புள்ளி அழுத்தத்தில் அடுத்த பக்கம்கூடக் குழிந்துவிடும். ஆங்கில எழுத்துத் தேர்வில் தொண்ணூற்றெட்டுக்குக் கீழே வாங்கினதே இல்லை. பேசத்தான் மாட்டாள். ஒரு வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கி, காலம் சரியா, ஒருமை பன்மை சரியா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, எல்லாம் சரி என்று நிமிர்ந்து பார்த்தால், வகுப்பு வேறொரு பாடத்துக்குப் போயிருக்கும்.

அவளுக்கு நேர் எதிர், கடைசி வரிசையில் இருந்த ரேடியோ. தமிழில் அவனை நிறுத்த முடியாது. ஆங்கிலம் என்றால் சிக்னல் போய்விடும்.

விசில் சார் புத்தகத்தை மூடினார். மணி அடிக்க இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாதபோது அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். கதை விட ஆரம்பித்தார். ஆங்கில வகுப்பு என்பதால் ஆங்கிலத்திலேயே விட்டார்.

"லாங் லாங் பிஃபோர், ஐ ரன் ஒன் ரேஸ்."

"ரேன் சார்" என்றது ஒரு குரல்.

"சரி, ரேன். டென் கிலோமீட்டர். ஐ ஆம் யங். நியூ ஷூ."

"ஷூஸ் சார். ரெண்டு காலு" என்றான் ரேடியோ.

"டூ ஷூஸ்" என்று விசில் சார் ஒப்புக்கொண்டார். வாக்கியத்துக்கு வாக்கியம் யாராவது திருத்த, அரை மணி நேரம் இப்படியே ஓடியதில் அவருக்கு வியர்த்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப அந்தப் பாட்டுக் குழுவுக்குத்தான் போக வேண்டும். "ஒன் மேன் இஸ் ரன்னிங் இன் ஃப்ரன்ட். வெரி வெரி ஃபாஸ்ட். ஐ திங்க், திஸ் மேன் இஸ் ஃபர்ஸ்ட். ஐ கோ பிஹைன்ட். ஃபார்ட்டி பீப்பிள் கமிங் பிஹைன்ட் மீ. பட்..." இங்கே விரலை உயர்த்தினார். "தட் மேன் நாட் இன் ரேஸ்."

கடைசி வரிசை முன்னால் சாய்ந்தது.

"அந்த ஆளு எதுக்கு சார் ஓடினாரு?" என்றான் ரேடியோ.

"இங்கிலீஷ்ல கேளு."

ரேடியோ தலையைச் சொறிந்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். அவனுக்கும் தெரியவில்லை. ஆனால் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். "வொய்... தட் மேன்... ரன்?"

"டு கேட்ச் பஸ்" என்றார் விசில் சார். சரியாக அப்போது மணி அடித்தது.

அன்று மதியம் மைதானத்தின் ஓரத்தில் இருந்த குழாயடியில் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பஸ் கிடைத்ததா, அந்த நாற்பது பேர் என்ன ஆனார்கள், முதல் பரிசு யாருக்கு என்று ஆளாளுக்குத் துளைத்தெடுத்தார்கள். தமிழில் கேட்டால் காது கேட்கவில்லை என்று சைகை காட்டினார். இது திட்டம் போட்டுச் செய்ததல்ல. கதை அவருக்கே மேற்கொண்டு தெரியாது, யோசிக்க அவகாசம் வேண்டியிருந்தது. ஆனால் தமிழ் கேட்காத அந்தக் காதுக்கு நல்ல பலன் இருந்தது. அரைகுறையாக, வாலும் தலையும் இல்லாமல், ஆங்கிலம் வந்து விழ ஆரம்பித்தது.

மறுநாள் அவர் ரிலே ஓட்டக் கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார்.

"இன்னைக்கு நான் கொஞ்சம், நீங்க கொஞ்சம். கம்பு யாரு கையில இருக்கோ அவங்க ஒரு வாக்கியம் சொல்லணும். கதைய முன்னால நகர்த்தணும். சொல்லிட்டு அடுத்தவங்க கையில குடுத்துடணும்."

"தப்பாச் சொன்னா சார்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"தப்பு ஃபவுல் இல்ல. நின்னாத்தான் ஃபவுல். பத்து செகண்டுக்கு மேல சும்மா நின்னா விசில்."

அந்த வாரம் முழுக்க ஓட்டப் பந்தயக் கதை கை மாறி மாறி ஓடியது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர் பஸ்ஸில் ஏறினார். அவரை நம்பி வந்த விசில் சாரும் ஏறினார். நாற்பது பேரும் பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். எண் ஒட்டிய பனியனோடு நாற்பது பேர் துரத்துகிறார்கள். பயந்துபோய் வேகத்தைக் கூட்டினார். இதில் பாதி பிள்ளைகள் சேர்த்தது. கண்டக்டர் ஒரு கோழியோடு வந்தது ரேடியோவின் கைங்கரியம். ஏன் கோழி என்று கேட்டதற்கு, தனக்கு ஆங்கிலத்தில் தெரிந்த பிராணி அதுதான் என்றான்.

ஒவ்வொரு முறை கதையில் திருப்பம் வரும்போதும் விசில் சார் கையைத் தட்டி, "ஆஃப்டர் தட் ஒன்லி மேட்டர் இஸ் ஸ்டார்ட்டிங்" என்பார். அதற்கப்புறம்தான் விஷயமே ஆரம்பம் என்பதை அவர் அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைத்திருந்தார். பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போய், இரண்டே நாளில் வகுப்பு முழுவதும் தொற்றிக்கொண்டது.

கம்பு ஃபுல்ஸ்டாப்பின் கைக்குப் போகும்போது மட்டும் எல்லாம் நின்றுவிடும். அவள் எழுந்து நிற்பாள். உதடு அசையும். கண் கூரையைப் பார்க்கும். பத்து செகண்ட் ஓடிவிடும். விசில் சார் மனசில்லாமல் மெல்ல ஊதுவார். அவள் கம்பைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து, நோட்டில் ஏதோ எழுதுவாள். தான் சொல்ல நினைத்த வாக்கியத்தைத்தான் எழுதுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

என்ன எழுதினாள் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. ஃபுல்ஸ்டாப்பின் அம்மா, தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், காலையில் நேராகத் தலைமையாசிரியை அறைக்கு வந்து ஒரு நோட்டை மேசையில் வைத்தார். விசில் சாரையும் கூப்பிட்டார்கள். நோட்டில் வரிசை எண் போட்டு, தேதி போட்டு, இடது பக்கம் விசில் சார் சொன்னதும் வலது பக்கம் சொல்லியிருக்க வேண்டியதும் அழகான கையெழுத்தில் இருந்தன. ஆறு நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு தவறுகள்.

"நான் குறை சொல்ல வரல மேடம்" என்றார் அம்மா. "சார் நல்லவருதான், எல்லாரும் சொல்றாங்க. ஆனா என் பொண்ணு ராத்திரி தூக்கத்துல 'ஹி டோன்ட்' இல்ல, 'ஹி டஸன்ட்'னு புலம்புறா. இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தெரிஞ்சதும் மறந்துடும்னு பயமா இருக்கு. பேசலன்னு வேற தினமும் விசில் ஊதுறாங்களாம்."

விசில் சாருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆசிரியர் அறையில் யார் கேலி செய்தாலும் கூடச் சேர்ந்து சிரிக்கிறவர், அந்த நோட்டைப் பார்த்துச் சிரிக்க முடியாமல் நின்றார். இருநூற்றுப் பன்னிரண்டும் அவர் வாயிலிருந்து வந்தவைதான். ஒன்றுகூட இட்டுக்கட்டியதில்லை.

"அவங்க சொல்றது நியாயம் மேடம். வேற யாரையாவது போடுங்க" என்றார்.

"போட ஆள் இருந்தா உங்களைக் கூப்பிட்டிருப்பேனா சார்? இன்னும் ஒரு வாரம் பாப்போம்" என்றார் தலைமையாசிரியை. அம்மாவுக்கும் விசில் சாருக்கும் பொதுவாகச் சொன்ன பதில் அது. இரண்டு பேருக்குமே திருப்தியில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி வேலை பார்க்கிற மருந்துக் கடையில் நின்றார். மனைவி மாத்திரை அட்டையைக் கத்தரித்து உறையில் போட்டுக்கொண்டே நடந்ததைக் கேட்டாள்.

"இருநூத்திப் பன்னண்டா?"

"ஒண்ணொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கு."

"தமிழ்ல நீங்க விடுற கதைக்கு இப்படி ஒரு நோட்டு போடணும்னு நானும் இருபது வருஷமா நினைக்கிறேன். நேரம் கிடைக்கல." சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அங்கே சிரிப்பு இல்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டாள். "ஏங்க, நிஜமாவே மனசு விட்டுட்டீங்களா?"

"அந்தப் பொண்ணு சொல்றது தப்பில்லம்மா. அதான் வருத்தம்."

"உங்க மைதானத்துல ஆட்டத்துல சேராம, ஓரமா நின்னு தப்பை மட்டும் கரெக்டா எண்ணுற பிள்ளை இருந்தா என்ன பண்ணுவீங்க?"

விசில் சார் யோசித்தார். "கையில விசிலக் குடுத்து நடுவரா நிறுத்துவேன்."

"அப்புறம் இங்க வந்து எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கிறீங்க? நகருங்க, பின்னால ஆளு நிக்குது."

மறுநாள் அவர் வகுப்புக்கு வந்ததும் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுவந்ததாகச் சொல்லி, ஃபுல்ஸ்டாப்பின் மேசையில் வைத்தார். வகுப்பே வாயைப் பிளந்தது.

"இனிமே நீதான் நடுவர். நான் தப்பாச் சொன்னா ஊது. ஆனா ஒரு நிபந்தனை. ஊதினா, சரியானத நீயே சத்தமாச் சொல்லணும். அப்பத்தான் ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கும்."

ஃபுல்ஸ்டாப் விசிலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மேசையை விட்டு எடுக்கவில்லை.

அவர் புதுக் கதையை ஆரம்பித்தார். "மை வைஃப் டோன்ட் லைக் டாக்ஸ்."

விசில் கீச்சென்று ஒலித்தது. ஊதிவிட்டு அவளே திடுக்கிட்டாள். முப்பத்துமூன்று பேரும் அவளைப் பார்த்துத் திரும்பினார்கள். அவள் எழுந்து, தரையைப் பார்த்தபடி, "மை வைஃப் டஸன்ட் லைக் டாக்ஸ்" என்றாள்.

"உனக்கு ஏது வைஃபு?" என்றான் ரேடியோ.

வகுப்பு சிரித்தது. அவளும் தன்னை மீறிச் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு வேலை சுலபமாயிற்று. விசில் சார் தப்பு செய்வதில் குறை வைக்கவில்லை. அவள் ஊதுவதிலும் குறை வைக்கவில்லை. நாலு நாளில் அவள் வாயைத் திறந்து சொன்ன வாக்கியங்கள், அதற்கு முந்தைய நாலு வருடத்தில் சொன்னதைவிட அதிகம். சொந்த வாக்கியம் இல்லை, திருத்திய வாக்கியம்தான். ஆனால் குரல் அவளுடையது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கதை நகரவில்லை. மருந்துக் கடைக்குள் நாய் புகுந்த கதை அது. நாய் கடை வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி மூன்று நாளாக நின்றுகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை ரேடியோ பொறுமை இழந்து எழுந்தான்.

"ஸ்டாப் விசில்! டாக் வான்ட் டு கோ இன்சைடு!"

"வான்ட்ஸ்" என்றாள் ஃபுல்ஸ்டாப்.

"வான்ட்ஸ்! ஓகே! லெட் இட் கோ! ஐ ஆம் வெயிட்டிங் த்ரீ டேஸ்!"

"ஐ ஹாவ் பீன் வெயிட்டிங்."

"யூ ஆல்ஸோ?" என்றான் ரேடியோ. அவன் வாக்கியத்தை அவள் திருத்தியது அவனுக்குப் புரியவில்லை. அவளும் காத்திருப்பதாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

ஃபுல்ஸ்டாப் திருத்தப் போனாள். பிறகு, "யெஸ்" என்றாள். "ஐ ஆல்ஸோ." அது சரியான ஆங்கிலம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். விசிலை மேசையில் வைத்துவிட்டாள். அன்று நாய் கடைக்குள் நுழைந்து, இருமல் மருந்து நக்கி, எடை பார்க்கும் மெஷினில் ஏறித் தூங்கிவிட்டது.

ஆறாவது வாரத்தில் ஒருநாள் மழை. விளக்கு மங்கலாக எரிந்தது. சிரிப்புக் கதை ஒன்றும் விசில் சாருக்கு வாயில் வரவில்லை. ஒரு பையன் சும்மா இருக்காமல், "சார், யூ ஆல்வேஸ் டெல் ஃபன்னி ஸ்டோரி. எனி சேட் ஸ்டோரி?" என்று கேட்டான். அவர் மேசை விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, இதுவரை மனைவியிடம் மட்டுமே சொல்லியிருந்த ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு அப்போது இருபத்தாறு வயது. பெரிய விளையாட்டுக் கிளப் ஒன்றில் பயிற்சியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஓட விட்டார்கள், முதலில் வந்தார். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்தார், கைதட்டினார்கள். கடைசியாக ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். நீள மேசை, ஐந்து பேர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அவ்வளவுதான் கேள்வி.

"ஐ நோ எவ்ரிதிங் அபவுட் மைசெல்ஃப்" என்றார் விசில் சார். "ஐ ஒன்லி நோ. பட் ஐ திங்க், 'ஐ ஆம்' சே, 'ஐ வாஸ்' சே? விச் இஸ் கரெக்ட்? ஐ திங்க், ஐ திங்க். ஒன் மினிட் கோ. தே சே, தேங்க் யூ."

கீழே இறங்கி வந்து பஸ்ஸுக்கு நின்றபோது மொத்தப் பதிலும் கடகடவென்று வந்ததாம். அங்கே நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டரிடம் முழுசாகச் சொன்னாராம். ஸ்கூட்டர் நன்றாகக் கேட்டுக்கொண்டது என்றார். பிள்ளைகள் லேசாகச் சிரித்தார்கள். அப்புறம் நிறுத்திவிட்டார்கள்.

"தட் ஜாப், ஒன் அதர் மேன் கெட். ஹி ரன் ஸ்லோ. பட் ஹி டாக்."

அந்தக் கதையில் இருபத்தொன்பது தவறுகள் இருந்தன. ஃபுல்ஸ்டாப் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள், பழக்கம் விடாது. ஆனால் விசில் அவள் கைக்குள்ளேயே இருந்தது. அவர் முடித்ததும் அவள் யாரும் கேட்காமலே எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், ஐ... ஆல்ஸோ திங்க் லைக் தட்" என்றாள். "எவ்ரி டே. இன் மை ஹெட் இட் இஸ் ஃபுல். வென் ஐ ஓப்பன் மை மவுத், எவ்ரிபடி... எவ்ரிபடி ஹாஸ் கான் ஹோம்."

யாரும் அவளைத் திருத்தவில்லை. திருத்த அதில் ஒன்றும் இல்லை. எடுத்தது இருபது செகண்டுக்கு மேல்தான். அதையும் யாரும் எண்ணவில்லை.

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றார் விசில் சார், தமிழில்.

தேர்வாளர் வந்த நாளில் நூலகத்தைக் காலி செய்து கொடுத்தார்கள். உயரமான பெண்மணி. கைப்பையில் சொந்தமாக ஒரு தண்ணீர் பாட்டிலும் நிறுத்துக் கடிகாரமும் வைத்திருந்தார். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம், முப்பத்திநாலு பிள்ளைகள், இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம் என்று தலைமையாசிரியை கணக்குப் போட்டு, அதற்கேற்ப மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்தார்.

விசில் சார் வராந்தாவில் நின்றார். உட்கார முடியவில்லை. முதல் பையன் உள்ளே போனான். மூன்று நிமிடம் ஆயிற்று. ஐந்து ஆயிற்று. எட்டாவது நிமிடத்தில் தலைமையாசிரியை வந்து, "என்ன சார், பையன் மயங்கிட்டானா?" என்றார். அப்போது உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அது பையனுடையது இல்லை.

ரேடியோ பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டான். வெளியே வந்ததும், "கோழி வரைக்கும் சொல்லிட்டேன் சார். அதுக்குள்ள அனுப்பிட்டாங்க" என்று குறைபட்டான். கொஞ்சம் தடுமாறி நான்கே வாக்கியத்தோடு வந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் நான்கு வாக்கியம் சொல்லியிருந்தார்கள்.

ஃபுல்ஸ்டாப் உள்ளே போனபோது அவள் அம்மா அரை நாள் விடுப்புப் போட்டு வந்து, வராந்தாவின் மறுமுனையில் நின்றார். அவரும் விசில் சாரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்க்காமல் நின்றார்கள். ஆறு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. அவள் நேராக விசில் சாரிடம் வந்தாள்.

"ரெண்டு தப்பு சார்."

"என்ன பண்ணின?"

"தெரிஞ்சுது. நிக்கல. போயிட்டே இருந்தேன்."

பிறகுதான் அம்மாவிடம் போனாள். அம்மா அவள் தலைக்கு மேலாக விசில் சாரைப் பார்த்து ஒரு தடவை தலையை ஆட்டினார்.

எல்லாம் முடிய மூன்றரை மணி நேரம் ஆயிற்று. சாப்பாடு ஆறிப்போயிற்று. தேர்வாளர் விசில் சாரை உள்ளே கூப்பிட்டார். நீள மேசை, எதிரே ஒரு நாற்காலி. அவர் உட்காரவில்லை.

தேர்வாளர் ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தார். முப்பத்திநாலு பிள்ளைகளில் முப்பத்தொரு பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள், அப்படியொரு வாக்கியத்தைத் தன் வாழ்நாளில் எந்தப் பள்ளியிலும் கேட்டதில்லை என்றார். குறிப்பேட்டைப் பார்த்து நிதானமாக வாசித்தார். "ஆஃப்டர் தட் ஒன்லி மேட்டர் இஸ் ஸ்டார்ட்டிங். இது எங்கேயிருந்து வந்தது?"

"ஃப்ரம் மீ, மேடம்" என்றார் விசில் சார். "ஹோல் மிஸ்டேக் இஸ் மைன். ஐ ஆம் நாட் இங்கிலீஷ் டீச்சர். ஐ ஆம் பி.டி. மாஸ்டர். சில்ட்ரன் ஆர் குட். மிஸ்டேக் ஒன்லி மைன்."

தேர்வாளர் பேனாவை மூடினார். "இந்த வாரத்தில் ஐந்து பள்ளிகளுக்குப் போனேன். எல்லா இடத்திலும் பிள்ளைகள் மனப்பாடம் செய்த பத்தியை ஒப்பித்தார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்டால் அப்படியே நின்றுவிட்டார்கள். இங்கே நான் கேள்வி கேட்க இடமே கிடைக்கவில்லை." பிறகு தமிழுக்கு மாறினார். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். அந்த பஸ் டிரைவர் கண்ணாடியில பாத்தாரே, அப்புறம் என்னதான் ஆச்சு? ஏழு பிள்ளைங்க ஏழு விதமாச் சொல்றாங்க."

விசில் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தமிழிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால், "டிரைவர் இஸ் வெரி ஃபியர்ஃபுல் மேன்" என்று ஆரம்பித்தார். கதவருகே தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சற்று நேரத்தில் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றார்.

முடிவு வந்தபோது ஒன்பது பி-யில் எல்லோரும் தேறியிருந்தார்கள். இலக்கணத்துக்குச் சுமாரான மதிப்பெண்தான். தயக்கமின்றிப் பேசுவதற்கு உள்ள பத்தில் வகுப்பின் சராசரி எட்டரை. ஃபுல்ஸ்டாப்புக்கு இரண்டிலும் பத்து. அந்த இரண்டு தப்பைத் தேர்வாளர் கவனிக்கவில்லை என்று அவள் மேல்முறையீடு செய்யப் போவதாகச் சொன்னாள். ரேடியோதான் தடுத்து நிறுத்தினான்.

இடையில் வந்த தற்காலிக ஆசிரியர் போய், ஆங்கில ஆசிரியை விடுப்பு முடிந்து வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே ஆசிரியர் அறைக்கு மூச்சு வாங்க வந்து விசில் சாருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சார், என் வகுப்ப என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? முன்னெல்லாம் நான் கேள்வி கேட்டா ஊசி விழுற சத்தம் கேக்கும். இப்ப நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள பத்து பேரு எழுந்திருக்காங்க. பத்து பேரும் தப்பா பேசுறாங்க."

"என் சரக்கு அவ்வளவுதான் டீச்சர்."

"இல்ல சார், நான் கோவத்துல சொல்லல." அவர் கொஞ்சம் யோசித்தார். "பேசாத பிள்ளைக்கு எதத் திருத்துறது? அஞ்சு வருஷமா நான் வெறும் பலகையத்தான் திருத்திக்கிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை பீரியட நீங்களே எடுத்துக்குங்க. நீங்க கதை சொல்லுங்க, பிள்ளைங்க பேசட்டும். நான் பின்னால உக்காந்து குறிச்சிக்கிறேன். வாரத்துக்கு ஒரு தப்பு, ஒண்ணே ஒண்ணு, அதை மட்டும் திங்கக்கிழமை சரி பண்றேன்."

"பிள்ளைங்க தப்ப மட்டுமா?"

"ஏன் சார்?"

விசில் சார் தன் டீயைப் பார்த்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார். பிறகு, "மை மிஸ்டேக் ஆல்ஸோ யூ கரெக்ட், டீச்சர்" என்றார், ஆங்கிலத்திலேயே. "ஐ வான்ட் லேர்ன்."

"டு லேர்ன்" என்றார் ஆங்கில ஆசிரியை.

"டு லேர்ன்" என்றார் விசில் சார். எழுந்து வலையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.